பத்து மணிக்கு மேல்

அந்தப் புழு பகலில் அகப்படாது.
வெயில் இருக்கும்வரை நுரையீரலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும்.
ஊர் உறங்கி, கொசு விழிக்கிற நேரத்தில்
தோலுக்கு அடியில் உலாவ வரும்.
அதனால் நாங்களும் இரவில்தான் வேலைக்குப் போனோம்:
டாக்டர் அமலோற்பவம், டிரைவர் இபுராகிம்,
ஸ்லைடுப் பெட்டியைச் சுமந்தபடி நான்.

கடலூர் முதுநகரில் ஜீப்பை நிறுத்திவிட்டு
உப்பனாற்றைப் படகில் கடப்போம்.
சோனங்குப்பத்து நாய்களுக்கு எங்கள் வாசம் அத்துப்படி,
ஆனாலும் குரைத்தன.
கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து கேட்பார்கள்,
"யாரு, போலீசா?"
"இல்ல. ரத்தம்."
அப்படித்தான் சொல்வார் டாக்டர்.

முதல் குத்து எப்போதும் அவர் விரலில்.
பார்க்கிறவர்களுக்குப் பயம் தெளிய வேண்டுமாம்.
அந்த ஸ்லைடுக்கு எண் கிடையாது,
காலையில் கழுவிவிடுவேன்.
பிறகு அரைத்தூக்கத்தில் நீளும் விரல்கள்:
வலைக்கயிறு அறுத்தது, மீன்முள் குத்திப் பழுத்தது.
குழந்தையின் விரலை மட்டும்
ஊசிக்கு முன் தன் உள்ளங்கையில் சூடேற்றுவார்.
மூன்று சொட்டு. வட்டமாகத் தேய்த்து,
எறும்பு தின்றுவிடாமல் காயவைக்க வேண்டும்.

ரத்தத்தைப் பட்டணத்தில் விற்கிறோம் என்றார்கள்.
மூன்று சொட்டு என்ன விலை போகும் என்று
காகிதத்தில் கணக்குப் போட்டுச் சிரித்தார்.
நகராட்சிக் கூட்டத்தில் சிரிக்கவில்லை.
ஆணையர் வீட்டுக் கழிவுத்தொட்டியில் மொண்ட கொசுப்புழுக்களை
ஹார்லிக்ஸ் பாட்டிலோடு
அவர் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.
மூடி போட மறந்துவிட்டதாகச் சொன்னார்.
மறதி அவருக்குக் கிடையாது.

எழுபத்தாறு, ஆவணி.
மாத்திரை கொடுத்த மறுநாள்
குப்பத்தில் தொண்ணூறு பேருக்குக் காய்ச்சல்.
உள்ளே புழு சாகும்போது உடம்பு கொதிக்கும்;
அதை அன்றைக்கு யார் காதில் போட?
கலிவரதன் துடுப்போடு வந்தான், பின்னால் ஊரே வந்தது.
"விஷத்தக் குடுத்துட்டு வெளக்கம் சொல்ல வந்தியா?"
இபுராகிம் படகுக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.
டாக்டர் ஏலக்கொட்டகையில் உட்கார்ந்து
தண்ணீர் கேட்டார்.
ஒருவரும் அசையவில்லை.
வெகுநேரம் கழித்து அஞ்சலாட்சி,
வீங்கிய காலை மணலில் இழுத்தபடி, ஒரு சொம்போடு.
ஆறு மாத்திரை. எல்லோரும் பார்க்க விழுங்கினார்.
"நாளைக்கு வந்து பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

மறுநாள் அவருக்கு நூற்றிரண்டு.

பெட்டியின் மூலையில் கழுவாத ஸ்லைடு ஒன்று இருந்தது.
சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
ஐந்து ஊதாச் சுருள்கள்.
தள்ளி வைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.
எத்தனை வருடமாக, எத்தனை காலையில்,
அவற்றைக் குழாயடியில் கழுவி ஊற்றியிருக்கிறேன்!

போர்வைக்குள் பல் கிட்டிக்க அவர் சொன்னது இவ்வளவுதான்:
"அவங்களக் கூப்புடு. வந்து பாக்கட்டும்."
கலிவரதன் தெர்மாமீட்டரை வாங்கித் தலைகீழாகப் பிடித்தான்,
பிறகு அதைக் கொடுத்துவிட்டு
புறங்கையை அவர் நெற்றியில் வைத்தான்.
எடுக்கவில்லை, கொஞ்ச நேரம்.

அன்று மாலை மாத்திரைக்கு வரிசை நின்றது.
அறிக்கையில் "காய்ச்சல் கண்டோர்: தொண்ணூறு" என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டுத் திருத்தினார்,
தொண்ணூற்றொன்று.

அஞ்சலாட்சியின் கால் வடியவேயில்லை.
அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும்
டாக்டர் என்னோடு பேசமாட்டார்.

ஓய்வு பெற்று மஞ்சக்குப்பத்தில் இருந்தார்.
பத்து மணிக்கு மேல் போன் வரும்.
"இந்த மாசம் எத்தன?"
"இல்லைங்க டாக்டர். இருநூறும் காலி."
"சரியாப் பாத்தியா?"
குரலில் ஒரு சந்தேகம், ஏதோ ஏமாற்றம் போலக்கூட.
காலியான ஸ்லைடை
இன்னொரு தடவை பார்ப்பேன், அவருக்காக.

அவரை அடக்கம் செய்த இரவு
காதருகே ஒரு கொசு.
அடிக்கக் கையை ஓங்கியவன்
முதலில் மணி பார்த்தேன்.